இசக்கியப்பனின் வாய்தாக்கள்

எங்கள் நல்லமாங்குளத்தில் கண்டக்டர் இசக்கியப்பன் தன்னுடைய கொலைக் கேஸுக்குத் தானே ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள், எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கூப்பிட்டார்கள், வந்தார், அவ்வளவுதான். உயிரோடு இருந்த காலத்திலும் யார் கூப்பிட்டாலும் வருகிற மனுஷன்தான் அவர். செத்துப்போனதற்காக அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவாரா என்ன?

அவர் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அந்தக் காலத்து ஏழாம் நம்பரைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மேலரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கை கோத்து நிற்க, என்ஜின் பெட்டி மேல் பூக்கூடைகளும் கத்தரிக்காய்ச் சாக்கும் சூடேறிக் கிடக்க, அதற்கு நடுவில் எவர் மடியிலோ எவர் பிள்ளையோ தூங்க, அந்த நெரிசலில் ஒரு காலை முன்னே வைத்து ஒரு காலைப் பின்னே இழுத்து, இடுப்பில் தோல் பையும் விரலிடுக்கில் சிவப்பு, பச்சை, மஞ்சள் டிக்கெட்டுமாக "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எம்புட்டு எடம் கெடக்கு" என்று அவர் வருவார். இல்லாத இடத்தை இருக்கிறது என்று சொல்லியே எங்களை நம்பவைத்தவர் அவர். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம், தூங்கிப்போனவனைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டுத்தான் விசில் அடிப்பார். இப்போது மெஷினில் டிக்கெட் வருகிறது, புளியமரம் ஒன்றுகூட இல்லை, எழுப்பி இறக்கிவிடவும் ஆளில்லை.

அந்த பஸ்ஸில் ஒருநாள், கல்குவாரி முதலாளியின் மகன் பிரவீன்ராஜ், பைக் ரிப்பேர் என்று ஏறியவன், நர்சிங் படிக்கிற பிள்ளை ஒருத்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். இசக்கியப்பன் விசில் அடித்தார். வண்டி நின்றது. "எறங்குடே" என்றார். இத்தனை பேர் பார்க்க நடுரோட்டில் இறக்கிவிடப்பட்டவன் அதை மறக்கவில்லை. டூட்டி முடிந்து மேலரோட்டில் நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இசக்கியப்பனைப் பின்னாலிருந்து காரால் இடித்தான். அதோடு போயிருந்தால் விபத்து என்று சொல்லித் தப்பித்திருப்பான், திரும்ப ரிவர்ஸ் எடுத்து வந்து மேலே ஏற்றினான். பெட்ரோல் பங்கு கேமராவில் அது பதிவாகி, தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டு டிவியிலும் சோறு தின்கிற நேரத்தில் ஓடியது. பெயர்கூடத் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் கண்டக்டருக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது முதல் சாட்சி அவர் மனைவி ஆவுடை. கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலி சூசை அண்ணாச்சி ஏழாம் நம்பரில் தினசரி வந்துபோனவர், ஆவுடை கையால் காப்பி குடித்தவர். பழகிய வீட்டுப் பொம்பளையின் பெயரை நடுக்கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்துவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் அது வழக்கமும் இல்லை, வீட்டம்மா வேண்டுமென்றாலும் வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், அந்த அம்மா வந்து எட்டிப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தில் சூசை அண்ணாச்சி, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், "இசக்கியப்பேன்... இசக்கியப்பேன்... இசக்கியப்பேன்..." என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார்.

கேட் பக்கமிருந்து காக்கி உடுப்போடு இசக்கியப்பன் வந்தார். வந்து, டவாலியைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கூப்பிட்டியளா?" என்றார். சூசை அண்ணாச்சிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, கடைசியில் வாயில் வந்தது, "வெளிய உக்காருங்க, கூப்பிடுதோம்" என்பதுதான், கோர்ட்டில் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. இசக்கியப்பனும் சரியென்று போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

இதில் பெரிய சிக்கல் அரசாங்க வக்கீலுக்குத்தான் வந்தது. செத்தவர் உள்ளே வந்து நின்றால் கொலையே இல்லையென்று ஆகிவிடும், கேஸ் கந்தலாகிவிடும் என்று அவர் ஓடிவந்து இசக்கியப்பனின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். எதிர்த்தரப்பு வக்கீலோ, இதோ இருக்கிறாரே ஆள், உள்ளே கூப்பிடுங்கள் என்று குதியாய்க் குதித்தார். ஜட்ஜ் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, ஜன்னல் வழியாக வேப்பமரத்தடியை நன்றாகப் பார்த்துவிட்டு, "அரசாங்கம் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது, வெளியில் உட்கார்ந்திருப்பவர் அதை ஆட்சேபித்து மனு எதுவும் போடவில்லை, ஆகவே அவர் இறந்தவர்தான்" என்று சொல்லி மேலே நடத்தச் சொன்னார். இசக்கியப்பனும் ஆட்சேபிக்கவில்லை. யார் கொன்றது, எப்படிக் கொன்றது என்று மரத்தடியில் நாங்கள் வாயைக் கிளறினாலும், "கேஸு நடக்கும்போது அதெல்லாம் வெளிய பேசப்படாது" என்று கையைக் காட்டிவிடுவார். ரூல்ஸ் என்றால் அவருக்கு ரூல்ஸ்தான்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் சூசை அண்ணாச்சி முதலில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பெயர்களைக் கூப்பிட்டார், ஜட்ஜ் அம்மாளும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். வாய்தா இல்லாத நாளில் கூப்பிட்டுப் பார்க்காமலும் இல்லை. அம்மன் கோயில் கொடைவிழாவில் மைக் போட்டுக் கூப்பிட்டார்கள், லீவு நாளில் சூசை அண்ணாச்சியே பூட்டின கோர்ட் வாசலில் நின்று கூப்பிட்டார், வரவில்லை. கேஸ் நடந்தால் வருவார், நடக்காவிட்டால் வரமாட்டார் என்று நாங்கள் பழகிக்கொண்டோம்.

வாய்தா நாள் எங்களுக்குத் திருநாள் மாதிரி ஆகிப்போனது. பழைய ஏழாம் நம்பர் ஜனங்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வருவார்கள். சொல்லிவைத்த மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்த வரிசையிலேயே தரையில் உட்காருவார்கள், பொம்பளைகள் இடது பக்கம், படிக்கட்டில் தொங்கின பயல்கள் பின்னால். தொங்கின பயல்களுக்கெல்லாம் இப்போது தொப்பை விழுந்து, பிள்ளை பிறந்து, முன்மண்டை வழுக்கையாகிவிட்டது, ஆனாலும் அவர் நிமிர்ந்து பார்த்தால் தாமாக ஒரு அடி உள்ளே நகருவார்கள். துப்பட்டா இழுக்கப்பட்ட பிள்ளை நர்ஸாகி, வேலைக்குப் போகிற வழியில் வெள்ளை உடுப்போடு வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவாள். டீக்கடைச் செல்லையா பன்னும் டீயும் கொண்டுவந்து வைப்பார். இசக்கியப்பன் வாங்கிக்கொள்வார், யாரும் பார்க்காதபோது பன்னைக் காக்காய்க்குப் போடுவார். புளியமரங்களை வெட்டிவிட்டார்கள் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், பிறகு, "அப்பம் ஐயனார் கோயில் ஸ்டாப்ப எத வச்சுடே கண்டுபிடிக்கிய?" என்று கேட்டார்.

ஆவுடை விடியாத கருக்கலிலேயே எழுந்து தேங்காய் திருகிப் பால் எடுத்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுச் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவருவாள். பன்னைக் காக்காய்க்குப் போடுகிறவர் அந்தச் சொதிச் சோற்றை மட்டும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். அவர் உயிரோடு இருந்த நாளில் டூட்டி டூட்டி என்று ஓடி, அவளோடு உட்கார்ந்து ஒரு பகல் சாப்பாடு சாப்பிட்டதில்லை. இப்போது ஜட்ஜ் எழுந்திருக்கிற வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடு ஒழுகுவதையும் தங்கச்சி மகள் சடங்கானதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜட்ஜ் எழுந்ததும் அவரும் எழுந்து கேட்டைத் தாண்டி மேலரோட்டுப் பக்கம் திரும்புவார், அப்புறம் காணாமல் போய்விடுவார்.

ஊரே, ஏன், தமிழ்நாடே எப்போது தீர்ப்பு வரும், எப்போது தீர்ப்பு வரும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தபோது, ஆவுடை ஒருத்தி மட்டும் சங்கரநாராயணர் கோயிலில் வாய்தா வேண்டுமென்று மாவிளக்கு போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வயிற்றுவலி என்று கேஸ் தள்ளிப்போனால் எங்களுக்கெல்லாம் ஆத்திரமாக வரும், "பணம் பாதாளம் வரைக்கும் பாயுது" என்று மண்ணை வாரித் தூற்றுவோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை. துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தோம்.

எத்தனை தள்ளினாலும் தீர்ப்பு நாள் வரத்தானே செய்யும்? வந்தது. டிவி வண்டிகள் ஆன்டெனாக் குடையை விரித்துக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி நின்றன, குவாரிக்காரர் தரப்பு ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள், போலீஸ் கயிறு கட்டியது, எங்கள் ஆட்கள் சரம் சரமாகப் பட்டாசும் கூடை கூடையாக லட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். சூசை அண்ணாச்சி கூப்பிட்டார், இசக்கியப்பன் வந்தார், மரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே ஜட்ஜ் அம்மாள் "குற்றவாளி" என்று சொன்னார், அந்தச் சொல் முடிவதற்குள் முதல் சரம் வெடித்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நர்ஸ் பிள்ளை தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், படிக்கட்டில் தொங்கின பழைய பயல்கள் இசக்கியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி! ஜெயிச்சிட்டோம்!" என்று கோர்ட்டைச் சுற்றி வந்தார்கள். அவர் வாயில் லட்டை அடைத்தார்கள். குவாரி ஆட்களிலேயே ஒருவன், வேனுக்குத் திரும்பிப் போகிற வழியில், தலையைக் குனிந்துகொண்டு ஒரு லட்டு வாங்கிக்கொண்டான். அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

டிவிக்காரப் பெண் ஒருத்தி ஆவுடையைக் கண்டுபிடித்து மைக்கை நீட்டினாள். "அம்மா, நாடே எதிர்பார்த்த தீர்ப்பு வந்துருச்சு. உங்க கணவருக்கு நீதி கிடைச்சிருச்சு. இப்ப என்ன நினைக்கிறீங்க?"

ஆவுடை அவளை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "அடுத்த வாய்தா எப்பம்மா?" என்று கேட்டாள்.

தண்டனையை அறிவிக்கிற நாளைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண், "திங்கட்கிழமைம்மா. அதோட கேஸ் முடிஞ்சது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆவுடை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இது அத்தனையும் டிவியில் வந்தது. கோர்ட் எதிரே டீக்கடையில் நின்று பார்த்த எங்களுக்கு வாயிலிருந்த லட்டு உள்ளே இறங்கவில்லை. கடைசியாக ஒரு சரம் எங்கேயோ வெடித்து ஓய்ந்தது, அதற்கப்புறம் யாரும் கொளுத்தவில்லை. திங்கட்கிழமைக்கு அப்புறம் கண்டக்டர் வரமாட்டார் என்பது அத்தனை நாளில் எங்கள் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை, கொடிபிடித்தோம், உண்ணாவிரதம் இருந்தோம், சீக்கிரம் தீர்ப்பு சொல் என்று ரோட்டை மறித்தோம், எங்கள் கையாலேயே அவரைத் துரத்திவிட வழி செய்தோம்.

அப்புறம் நடந்ததை வெளியூரில் சொல்லிக்கொள்ள எங்களுக்கு வெட்கம்தான். யாருடைய கொடும்பாவியை எரித்தோமோ, அதே குவாரிக்காரர் வீட்டு வாசலில் போய்க் கும்பலாக நின்றோம், "ஐயா, எப்படியாவது மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போடுங்க" என்று கும்பிட்டோம். அந்த மனுஷன் ஒரே நாளில் உடைந்துபோயிருந்தார். "நான் போடமாட்டேன்னா சொல்லுதேன்? அவன்லா மாட்டேங்கான்" என்றார். "தூக்கே போட்டாலும் சரி, அந்த ஆளு மரத்தடியில உக்காந்திருக்கத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதுப்பாங்கான். போலீஸ் வேனவிட்டு எறக்கும்போதெல்லாம் அந்த ஆளு நிமிந்து பாத்து, 'சாப்ட்டியாடே'ன்னு கேக்காராம்." சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்தோம்.

வழி ஒன்று மிச்சம் இருந்தது. ஆவுடையின் வக்கீல் நம்பிராஜன்தான் அதைக் கண்டுபிடித்தார். என்ன தண்டனை கொடுத்தாலும் போதாது என்று ஆவுடையே மேலே போகலாம், அது முடிய எப்படியும் வருஷக்கணக்கில் ஆகும், அதற்கு மேலே டெல்லி இருக்கிறது. சூசை அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு மதுரைக்கு வந்து ஹைகோர்ட் வாசலில் நின்று கூப்பிடுவதாகச் சத்தியம் செய்தார். ஏழாம் நம்பரையே ஸ்பெஷல் எடுத்து எல்லாரும் மதுரைக்குப் போவது என்று பேசி, யார் யார் எந்த சீட் என்று சண்டைகூடப் போட்டு முடித்தோம். எங்களுக்கு மறுபடியும் உயிர் வந்தது.

திங்கட்கிழமை அவர் வந்தார். உள்ளே ஜட்ஜ் அம்மாள் பிரவீன்ராஜுக்கு ஆயுள் தண்டனை என்று வாசித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஒருவரும் அதைக் கேட்கவில்லை, எல்லாரும் வேப்பமரத்தைச் சுற்றி நின்றோம். நம்பிராஜன் வக்காலத்துத் தாளை ஒரு அட்டையில் வைத்து நீட்டினார். "ஆவுடையம்மா, இந்த எடத்துல ஒரு கையெழுத்து. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"போடுங்க மதினி" என்றார் செல்லையா. "போடுங்கக்கா, போடுங்க" என்று எல்லாரும் சொன்னோம்.

ஆவுடை பேனாவை வாங்கினாள். வாங்கினவள், பக்கத்தில் சொதியைப் பிசைந்துகொண்டிருந்தவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்த தார்த்தூளையும் சின்னச் சின்ன ஜல்லியையும் இடது கையால் தட்டிவிட்டாள். வருகிற நாளெல்லாம் தட்டிவிடுவதுதான். அன்றைக்கு என்னவோ கேட்கத் தோன்றியது.

"ஏங்க, மதுரை தூரமாச்சே. ஒங்களுக்கு வாரதுக்குச் செரமமா இருக்குமோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போடு" என்றார் இசக்கியப்பன், நிமிராமல்.

"எப்பிடி வாரிய, எந்த வழியா வாரியன்னு நான் கேட்டதே இல்லியே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒங்களத்தான். கேஸுதான் முடிஞ்சிபோச்சே, இப்பம் சொல்லலாம்லா?"

கேஸ் முடிந்துவிட்டது என்பது உண்மைதான், இனி அவருக்கு மறைக்க ரூல்ஸ் இல்லை. சொதிக் கையை வாளி விளிம்பில் வழித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி சத்தம் கேக்கும். கண்ண முழிச்சா மேலரோட்டுல நடந்துக்கிட்டிருப்பேன். பின்னால அந்தக் காரு வரும். தள்ளிவிடும். அப்புறம் திரும்பி வரும்லா, அதும் வரும். அது முடிஞ்ச பொறவுதான் எந்திரிக்க முடியும். எந்திரிச்சி வருவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"வேற வழி இல்ல ஆவுடை. அங்கருந்துதான் வழி."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மைக் போட்டுக் கூப்பிட்டதையும், லீவு நாளில் கூப்பிட்டதையும், டீயையும் பன்னையும், தோளில் தூக்கி ஆடினதையும் நினைத்துக் கூனிக் குறுகி நின்றோம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல நீங்க?" என்று ஆவுடை கேட்டாள்.

"நீ சொதி வச்சிக் கொண்டாந்திருப்ப. வராம எப்பிடி?"

அவள் தூக்குவாளியைப் பார்த்தாள். இத்தனை காலம் கழித்துக் கிடைத்த பகல் சாப்பாடுகள் அவை, ஒரு சம்சாரத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும், அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் எங்களில் ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டான், அவரும் வந்திருப்பார். அவள் பேனாவை மூடி வக்கீல் கையில் கொடுத்தாள். நம்பிராஜன் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டார்.

உள்ளே ஜட்ஜ் அம்மாள் எழுந்தார். பெஞ்சுகள் நகருகிற சத்தம் கேட்டது. இசக்கியப்பன் கையைக் கழுவி, அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "அப்பம் நான் போயிட்டு வாரேன், என்ன?" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரிடம், அது பக்கத்துக் கடைக்கானாலும் சரி பட்டாளத்துக்கானாலும் சரி, போங்க என்று மொட்டையாகச் சொல்லமாட்டார்கள், அப்படிச் சொன்னால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று நம்பிக்கை. ஆவுடையும் வாழ்ந்த நாளில் ஒருமுறைகூட அந்த வார்த்தையை அவரிடம் சொன்னவளில்லை, அதிகாலை டூட்டிக்கு அவர் கிளம்புகிறபோது பாதித் தூக்கத்தில்கூட, போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் எழுந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தோளில் மிச்சம் ஒட்டியிருந்த ஒரு ஜல்லியை எடுத்துத் தூரப் போட்டாள்.

"போங்க" என்றாள்.

கூட்டத்தில் பொம்பளைகள் ஐயோ என்று வாயைப் பொத்தினார்கள். மிச்சத்தையும் சொல்லுவாள் என்று இசக்கியப்பன் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்து நின்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாயைத் திறக்காமல் நின்றாள். அவருக்குப் புரிந்தது. சரியென்று தலையை ஆட்டிவிட்டு, கேட்டைத் தாண்டி, மேலரோட்டுப் பக்கம் திரும்பாமல், வேறு வழியாக நடந்து போனார்.